நாலாவது ஆளுக்கு விட்ட இடம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகட்டும். நடந்தது நடந்ததுதான். தேதி வேண்டுமா? 1955, மார்ச் பத்து, வியாழக்கிழமை. நேரம்? பன்னிரண்டு மணி இருபது நிமிடம். பகல் பன்னிரண்டு இருபது. பேய் என்றால் நடுநிசி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. நல்ல வெயில். பாகூர் ஏரிக்கரை. ஒரு பூவரச மரம். அதன் நிழலில் மூன்று பேர்.

மூன்று பேர்தான். அதில் சந்தேகமே இல்லை.

அவர்களைப் படம் எடுத்தவர் உலகநாதன். வில்லியனூர்த் தேரடிக்கு எதிர்ச்சாரியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய் நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வாசல் பலகையில் பிரெஞ்சு எழுத்தை அழித்தவர், தமிழில் இன்னும் எழுதி முடிக்கவில்லை. முப்பத்தாறு வயது. வேலையில் கெட்டிக்காரர், கொஞ்சம் அலட்டலும் உண்டு. அலட்டலுக்குக் காரணம் சைகோன். அங்கே ஒரு பிரெஞ்சு முசேயின் ஸ்டுடியோவில் நாலு வருஷம் படம் பிடித்த கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவியவர். கழுவியதோடு நிற்கவில்லை. ஒரு படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டு வந்துவிட்டார்.

கேமராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் பென்சிலால் மேலிருந்து கீழே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு. ஒன்பது கட்டம். ஆளை நடுக்கட்டத்தில் நிறுத்தக் கூடாது. கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம் இடம் விட வேண்டும். தலைக்குப் பின்னால் மரக்கிளை முளைக்கக் கூடாது. வரப்போ பாதையோ சுவரோ, ஏதாவது ஒரு கோடு பார்ப்பவன் கண்ணைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆளிடம் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே முசே அடிக்கடி சொன்னது ஒன்று: "காலி இடம் வீண் இடம் இல்லை. காலி இடம் கூப்பிடும்." இதை உலகநாதன் தன் சொந்தச் சரக்கு மாதிரி எல்லாரிடமும் சொல்வார்.

வில்லியனூரில் அது எடுபடவில்லை.

"இன்னாப்பா இது?" என்று ஒருநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் மர வியாபாரி இருசப்பன். "என்னை ஓரங்கட்டிட்டு செவுத்தைப் புடிச்சி வெச்சிருக்கே? கல்யாணம் எனக்கா, செவுத்துக்கா?"

"நீங்க அந்தப் பக்கம் பாக்கறீங்க. பார்வை போறதுக்கு எடம் வேணும்ங்க."

"என் பார்வை எங்கயும் போவாது. நடுவுல நிக்க வெச்சி, தலையிலேர்ந்து செருப்பு வரைக்கும் வெட்டாம எடு. போ."

அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார், முணுமுணுத்துக்கொண்டே. தன் இஷ்டப்படி ஒரு படம் எடுக்க வாய்ப்புக் கிடைக்காதா என்று காத்திருந்தவருக்கு, தனக்கொடி வந்தது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை வந்தாள். பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். இருபத்தேழு வயது இருக்கும். புருஷன் செல்லப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், சைகோனில் இருந்தான். கப்பலேறி ஆறு வருஷம். அப்போது மகள் கண்ணகிக்கு இரண்டு வயது. மகன் சின்னதம்பி வயிற்றில். எட்டு மாதமாகக் கடிதமும் நின்றுவிட்டது. லீவில் வந்திருந்த அதே ஊர்க் கண்ணையன்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"அங்க ஒரு பொம்பள கூட இருக்காராம்ணா" என்றாள் தனக்கொடி. அழவில்லை. "இனிமே வரமாட்டாருன்னு ஊரே சொல்லுது. ஆனா கண்ணையன் ஒண்ணு சொன்னாரு. அவரு இன்னும் புள்ள மூஞ்சியப் பாக்கல. ஒரு தரம் பாத்தா வந்துடுவாருன்னு. சனிக்கிழமை கப்பல்ல கண்ணையன் திரும்பிப் போறாரு. வெள்ளிக்கிழமை சாய்ந்தரம் நாலரை ரயிலுக்கு வில்லியனூர் ஸ்டேஷன்ல நிப்பாரு. அதுக்குள்ள படம் வேணும்."

"இங்கயே எடுத்துடலாமே?"

"நம்ம ஊரு தெரியணும்ணா. ஏரி தெரியணும்."

உலகநாதனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "உன் வூட்டுக்காரர் வந்து நிக்கறதுக்கு ஒரு எடத்தைக் காலியா விட்டு எடுக்கறேன் தங்கச்சி. பாத்த ஒடனே அவருக்கே உறைக்கும், நாம நிக்க வேண்டிய எடம்னு. அந்தக் காலி எடமே அவரைக் கூப்ட்டு வந்துடும், பாரு."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. கரிக்கலாம்பாக்கம் தாண்டி சைக்கிள் பஞ்சராகி, ஒட்டி, மறுபடியும் பஞ்சராகி, ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று ஐம்பது. உச்சி வெயிலில் படம் எடுத்தால் கண்குழியெல்லாம் கறுப்பாக விழும். வேறு வழியில்லை. பூவரச மர நிழலில் கேமரா முக்காலியை விரித்தார்.

கண்ணாடிக்குள் பார்த்தால் அருமையான காட்சி. ஏரிக்கரை இடது மூலையில் தொலைவில் தொடங்கி, வளைந்து, நேராக மரத்தடிக்கு வந்தது. வலது பக்கம் தனக்கொடியை ஸ்டூலில் உட்காரவைத்தார். அவளுக்குப் பின்னால் கண்ணகி. தாயின் முழங்காலை ஒட்டி இடது பக்கம் சின்னதம்பி. அவனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் காலி இடம். கரைக்கோடு வந்து முடிந்தது அந்தக் காலி இடத்தில்தான்.

கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தவர் திகைத்தார். தனக்கொடி எழுந்து நின்றிருந்தாள்.

"மூணு பேரா நிக்க மாட்டேண்ணா."

"இன்னா?"

"மூணு பேரா படம் புடிச்சா ஒருத்தர் நிலைக்க மாட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா? பக்கத்து வூட்டு பவுனம்மாவ நாலாவதா நிக்கச் சொல்லியிருந்தேன். எட்டு மணியிலேர்ந்து ஒக்காந்திருந்துட்டு களை எடுக்கப் போய்ட்டாங்க. நீங்கதான் இப்ப வர்றீங்க."

தப்பு தன் பேரில். உலகநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு குருவி இல்லை.

"ஆட்டுக்குட்டி ஏதாச்சும் இருந்தா புடிச்சிக்கோயேன்."

"சைகோன்ல பாத்து சிரிக்கட்டும்னா?"

அவருக்குப் பொறுமை போய்விட்டது. வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. ஊர் திரும்ப இரண்டு மணி நேரம். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். பின்னால் எத்தனையோ முறை நினைத்து நினைத்துக் குமைந்த வார்த்தை.

"மூணுன்னு யாரு சொன்னது? அந்தக் காலி எடம் உன் வூட்டுக்காரருதுதானே? அவரோட நாலு. மனசுக்கு ஒப்பலன்னா வாய் விட்டுக் கூப்புடு. வந்து நிக்கறாருன்னு நெனச்சிக்கோ. கணக்கு சரியாப் போச்சு."

"கூப்ட்டா கணக்குல சேருமா?"

"சேரும், சேரும். பேரைச் சொல்லிக் கூப்புடு."

"அய்ய... அவரு பேரையா? நானா?" நாக்கைக் கடித்துக்கொண்டாள். கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவள் பக்கத்தில் கிடையாது. கண்ணகி களுக்கென்று சிரித்தாள். தனக்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏரிக்கரை போகிற திசையில் திரும்பினாள். பெயர் இல்லாமல், ஆனால் மனசாரக் கூப்பிட்டாள்.

"எங்க வூட்டைச் சேந்தவங்க வாங்க... இங்க எடம் இருக்குது. வந்து நில்லுங்க."

குரல் தண்ணீர் மேல் போயிற்று. எதிரொலி வரவில்லை.

உலகநாதன் துணிக்குள் தலையை நுழைத்தார். இந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். வானம் கீழே, ஆட்கள் மேலே தொங்குவார்கள். பழகிய கண். மூன்று பேர். காலி இடம். கரைக்கோடு. அந்தக் கோடு தொடங்குகிற மூலையில் மட்டும் வெள்ளையாக ஒரு புள்ளி.

கொக்கு என்று நினைத்தார்.

பிளேட்டைச் செருகினார். "ஆடாதீங்க." லென்ஸின் மூடியை எடுத்தார். ஒண்ணு... மூடினார். வெளிச்சக் கணக்குக்காக ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை நோட்டில் எழுதுவது அவர் பழக்கம். எழுதினார். 12-20.

"டேய், தலைய ஏண்டா திருப்புனே?"

"கூப்ட்டாங்க" என்றான் சின்னதம்பி. கரையைக் காட்டினான்.

"யாரும் கூப்புடல. இங்கப் பாரு. ஆடுனா உங்கப்பனுக்கு உன் மூஞ்சி தெரியாது."

இன்னொரு பிளேட் எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும் முன் மறுபடி துணிக்குள் போனார்.

பூவரச இலை ஒன்றுகூட அசையவில்லை. எங்கிருந்தோ ஒரு வாசனை... சாம்பிராணி போல. ஆனால் சாம்பிராணி இல்லை. மூக்குக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. எங்கே முகர்ந்தோம்?

கண்ணாடியில் தலைகள் தொங்கின.

ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு.

வெளியே வந்தார். தாய், மகள், மகன். மூன்று பேர். வெயில்.

துணிக்குள் போனார். மூன்று பேர்.

உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்த கிறுகிறுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிளேட்டைச் செருகினார். மூடியை எடுத்தார். ஒண்ணு...

12-22.

"முடிஞ்சுது" என்றார்.

சின்னதம்பி தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "சில்லுன்னு இருக்குதும்மா."

அந்த வெயிலில்.

அன்று சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு இருட்டறைக் கதவைச் சாத்தினார் உலகநாதன். சிவப்பு விளக்கு. முதல் பிளேட்டை மருந்தில் போட்டு ஆட்டினார். உருவம் எழும்பியது. நெகடிவில் எல்லாம் மாறித்தானே இருக்கும். வானம் கறுப்பு, தலைமயிர் வெள்ளை. தாய், மகள். பையனின் முகம் ஒரே கலங்கல், திரும்பிவிட்டானே. உபயோகமில்லை.

கரைக்கோட்டின் மூலையில் அந்தக் கொக்கு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

கொக்குக்குக் கைகள் இருந்தன.

இரண்டாவது பிளேட். போட்டார். ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு அறுபது எண்ணினார். திறந்தார்.

காலி இடம் காலியாக இல்லை.

ஒரு பெண். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற நீளச் சட்டை. பின்னால் வெள்ளையாய்ப் புரளும் கூந்தல். அதாவது கருங்கூந்தல். முகம் மட்டும் தெரியவில்லை. படம் எடுக்கும்போது தலையை அசைத்தவர்களின் முகம் கலங்குமே, அப்படிக் கலங்கியிருந்தது. குனிந்து யாரையோ பார்த்தது போல.

கை அசையவில்லை. ஒவ்வொரு விரலும் தெளிவாக விழுந்திருந்தது. மணிக்கட்டில் தடிமனாக ஒரு வளையல்; இணைப்பே இல்லாத முழு வட்டம்.

கை இருந்தது சின்னதம்பியின் தோளில். பென்சில் கோடும் கோடும் வெட்டுகிற, மிகச் சரியான இடத்தில்.

எந்தக் கோடு கண்ணை ஆளிடம் கொண்டுவந்து விட வேண்டும் என்று அவர் கரையும் மரமும் பார்த்து அமைத்தாரோ, அதே கோட்டில்தான் அவள் நடந்து வந்திருக்கிறாள். இரண்டே நிமிடத்தில். அரை மைல்.

அந்த நிமிடம்தான் அந்த வாசனை என்னவென்று நினைவுக்கு வந்தது. சைகோன் கோயில்களில் கட்டுக்கட்டாகக் கொளுத்துகிற சிவப்பு ஊதுவத்தி. நாலு வருஷம் முகர்ந்த வாசனை. இருட்டறைக் கதவைத் தாழ் திறக்க அவருக்கு மூன்று தடவை கை தவறியது.

வெள்ளிக்கிழமை. மறுபடி பாகூர் போய் எடுத்துவர நேரமில்லை. பையன் முகம் விழுந்தது இரண்டாவது பிளேட்டில் மட்டும்தான். அந்த முகம் போய்ச் சேர்ந்தால்தான் தனக்கொடிக்கு வாழ்வு. உலகநாதன் பிரிண்ட் போட்டார். காய வைத்தார். இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் இடது பக்கத்தை நீளமாக வெட்டி எறிந்தார். காலி இடம் போயிற்று. அவளும் போனாள்.

கை போகவில்லை. அது பையனின் தோளில் அல்லவா இருக்கிறது? தோளை வெட்டினால் முகம் போய்விடும். படத்தின் விளிம்பிலிருந்து நீண்டு வந்த கை, பையனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நெகடிவைச் சுரண்டப் பார்த்தார். ஊசியைக் கையில் எடுத்தார். தோள் எது, விரல் எது என்று பிரிக்க முடியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று பத்துக்குத் தனக்கொடி வந்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எடம் விடறேன்னீங்களே. காணமே?"

"அது... சரியா வரல. வெட்டிட்டேன்."

"இது யாரு கைண்ணா?"

"பொண்ணு கைதான்."

"கண்ணகி ரெண்டு கையையும் முன்னாடி கட்டிக்கிட்டு இருக்குது."

உலகநாதன் கத்தியை எடுத்து அலமாரியில் வைத்தார். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று இருபது... மூன்று இருபத்தைந்து.

"இத அனுப்பாத தங்கச்சி" என்றார் கடைசியில். "வேற எடுத்துத் தபால்ல போடலாம்."

"அவரு இப்ப எங்க இருக்காருன்னே தெரியல. தபால எங்க போடறது? கண்ணையனுக்குத்தான் எடம் தெரியும்." முந்தானையால் படத்தைச் சுற்றினாள். "புள்ள மூஞ்சி தெரியுது. போதும்."

நாலரை ரயிலில் படம் போய்விட்டது.

நாலு மாதம் உலகநாதனுக்குத் தூக்கம் சரியில்லை. ஸ்டுடியோவில் யார் வந்து நின்றாலும் நடுவில் நிறுத்தி, நெருக்கி, தலைமுதல் செருப்புவரை கட்டம் நிறைய எடுத்தார். "இப்பதான்யா தொழில் கத்துக்கினே" என்று இருசப்பன் முதுகில் தட்டினார். உலகநாதன் சிரிக்கவில்லை. இடம் விட அவருக்குப் பயம்.

ஜூலை பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று பத்து. ஸ்டுடியோவுக்குள் ஓர் ஆள் வந்தான். ஒட்டிய கன்னம், பட்டாளத்து பூட்ஸ். சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நான் செல்லப்பன். பொஞ்சாதி, புள்ளைங்கள கோயிலுக்கு அனுப்பியிருக்கேன். இப்ப வந்துடுவாங்க. அதுக்குள்ள சொல்லு. இதுல வெட்டுன மிச்சம் எங்க?"

வந்துவிட்டான்! தனக்கொடி கேட்டது நடந்துவிட்டது. உலகநாதன் எழுந்தார். அன்றே இன்னொன்று போட்டு அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த முழு பிரிண்டை எடுத்துக் கொடுத்தார்.

செல்லப்பன் பார்த்தான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"லான்" என்றான்.

"யாரு?"

"அங்க... என்னோட இருந்தவ." வளையல்மேல் விரலை வைத்தான். "பச்சைக் கல்லு. சின்ன வயசுல போட்டுவுட்டது, அப்புறம் கழட்டவே முடியாது. கையோட வெச்சித்தான் பொதச்சேன்."

"எப்ப?"

"காச்சல். மார்ச் மாசம். பத்தாம் தேதி, வியாழக்கிழமை. ஆஸ்பத்திரிச் சீட்டுல நேரம் போட்டுக் குடுத்தாங்க. மத்தியானம் ரெண்டு அம்பது."

உலகநாதன் சைகோனில் நாலு வருஷம் இருந்தவர். ஊருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கணக்குப் போட்டவர். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே இரண்டு ஐம்பது என்றால், இங்கே...

நோட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அவளுக்குப் புள்ள இல்ல" என்றான் செல்லப்பன். "எம்புள்ள படத்தக் காட்டு, காட்டுன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. எங்கிட்ட ஏது படம்? நானே பாத்ததில்ல. கடைசி அன்னிக்கும் அதான் கேட்டா." தலையைத் தூக்கினான். "படம் எடுக்கும்போது தனக்கொடி யாரையாச்சும் கூப்ட்டாளா?"

"உன்னைத்தான் கூப்பிட்டுது."

"இன்னான்னு?"

உலகநாதன் சொன்னார். எங்க வூட்டைச் சேந்தவங்க வாங்க. இங்க எடம் இருக்குது. வந்து நில்லுங்க.

செல்லப்பன் படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

வாசலில் சத்தம். தனக்கொடியும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவு. தலை நிறைய கதம்பம். "இப்ப நாலு பேரு இருக்கோம்ணா. நல்லா எடுங்க" என்றாள். மேசையில் கவிழ்ந்து கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

உலகநாதன் நாலு பேரையும் நெருக்கி உட்காரவைத்தார். பையனைத் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் செருகினார். எந்தப் பக்கமும் ஒரு விரல்கடை இடம் விடவில்லை. துணிக்குள் போய் எண்ணினார். நாலு. வெளியே வந்து எண்ணினார். நாலு. மூச்சு வந்தது.

பிளேட்டைச் செருகினார். "ஆடாதீங்க." மூடியை எடுத்தார். ஒண்ணு...

ஊதுவத்தி வாசனை.

பையன் தலையைத் திருப்பினான். வெற்றுச் சுவர் பக்கம்.

மூடினார். பதினொன்று நாற்பத்திரண்டு.

"இன்னாடா?" என்றாள் தனக்கொடி.

"கூப்புடறாங்கம்மா."

"யாருடா?"

"அன்னிக்கு ஏரியில கூப்ட்டவங்கதான். தெனம் கூப்புடறாங்களே."

செல்லப்பன் எழுந்து நின்றான். "இன்னான்னு கூப்புடறாங்க, கண்ணு?"

பையன் வெகு சாதாரணமாகச் சொன்னான்.

"கொன் ஓய்... கொன் ஓய்னு."

பாகூர் ஏரியைத் தாண்டி எங்கும் போகாத பிள்ளை. அந்த அறையில் அந்த வார்த்தை இரண்டு பேருக்குத்தான் தெரியும். செல்லப்பனுக்கும் உலகநாதனுக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சைகோனில் சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் கேட்கிற குரல் அது. பெற்றவள் தன் பிள்ளையைக் கூப்பிடுகிற வார்த்தை. தன் பிள்ளையாக நினைக்காத யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

தனக்கொடி இரண்டு முறை வந்து படம் கேட்டாள். பிளேட் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார் உலகநாதன்.

கெடவில்லை. கறுப்புக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஏழு வருஷமாகிறது. அதை அவர் இன்னும் கழுவவில்லை.